ஜென்னேயின் மண்பூச்சும் மேளமும்

மாலி நாட்டில், பானி ஆற்றையொட்டி அமைந்த ஜென்னே நகரின் வீடுகள் சுடாத மண்கல்லால் எழுந்தவை. மழை பெய்யப் பெய்யச் சுவர் கரையும். அதனால் மறுபூச்சு இங்கே ஓயாத வேலை. 1907-இல் மீண்டும் கட்டப்பட்ட பெரிய பள்ளிவாசலுக்கு ஆண்டுதோறும் ஊரே கூடிப் பூசுகிறது.

ஆற்று வண்டலோடு உமியும் தவிடும் கலந்து குழிகளில் பல நாள் புளிக்க விடுவார்கள். சிறுவர்கள் அதில் இறங்கி மிதித்துக் குழைப்பார்கள். பெண்கள் தண்ணீர் சுமப்பார்கள். பூச்சு நாளில் மேளமும் குழலும் முழங்க, தெருவுக்குத் தெரு போட்டி போட்டுக்கொண்டு இளைஞர்கள் மண்கூடையுடன் ஓடுவார்கள். மேளம் இங்கே வெறும் கேளிக்கை அன்று. கடும் உழைப்புக்கு வேகம் தருவது அதுவே. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கழிகளே சாரம். அவற்றில் ஏறிப் பூசும் கொத்தர்களுக்கு ‘பாரே தோன்’ என்னும் சங்கம் உண்டு. தொழில் குருவிடமிருந்து சீடனுக்கு, கைப்பழக்கமாகவே செல்கிறது. பராமரிப்பை இவ்வளவு பெரிய விழாவாக்கிய நகரம் உலகில் அரிது.

1988-இல் யுனெஸ்கோ ஜென்னேயை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2016-இல் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. அடிக்கடி பூசும் செலவைத் தவிர்க்க, சில வீட்டுக்காரர்கள் சுவர்களுக்குச் சுட்ட ஓடு பதித்துவருகின்றனர்.