மொறிஸ் மைனரின் ரைமிங் செயின்: மாற்றம் செய்த எஞ்சினுக்கு எது பொருந்தும்?

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் கார்கள் இன்றும் ஓடுகின்றன. வெளியிலிருந்து வருபவர்கள் அவற்றை அதிசயமாகப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். வைத்திருப்பவருக்கு அது உழைக்கிற வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்கள் மீண்டும் வருவதற்கு 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய காரைத் திருத்தி ஓடுவதைத் தவிர பலருக்கு வேறு வழி இருக்கவில்லை.

திருத்தும்போது பழைய எஞ்சினை அப்படியே விடுபவர்கள் குறைவு. 803 அல்லது 948 சி.சி. எஞ்சினை இறக்கிவிட்டு 1098 ஏற்றுகிறார்கள். வசதி உள்ளவர்கள் 1275 தேடிப் பிடிக்கிறார்கள். ஹெட்டின் முகத்தைச் சீவி அமுக்கத்தைக் கூட்டுவதும், வால்வை உயரமாகத் தூக்கும் கமஷாப்ட்டும் இறுக்கமான வால்வ் ஸ்பிறிங்கும் போடுவதும் உண்டு. இவ்வளவுக்கும் காசு செலவழித்துவிட்டு, ரைமிங் செயின் என்று வரும்போது மட்டும் "இருக்கிறதையே போடுங்கோ அண்ணை" என்கிறார்கள். இந்த எஞ்சின்களை நீண்டகாலமாகப் பிரித்துப் பூட்டுபவன் என்ற முறையில், அந்தச் செயினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

செயினின் வேலை எளியது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கமஷாப்ட்டை ஒரு சுற்றுச் சுற்றவைக்க வேண்டும். வால்வுகள் திறப்பதும் மூடுவதும் அதை நம்பித்தான். மைனரின் ஏ சீரிஸ் எஞ்சினில் டிஸ்ரிபியூற்றரும் கமஷாப்ட்டிலிருந்தே சுற்றுகிறது. ஆகவே செயின் தளர்ந்தால் வால்வும் பிந்தும், பிளக்கின் நெருப்பும் பிந்தும். இந்த எஞ்சினில் செயின் இழுக்கும் பக்கம் 1 மில்லிமீற்றர் நீண்டால் கமஷாப்ட் கிட்டத்தட்ட 1 பாகை பின்தங்கும். கிராங்க் கணக்கில் அது 2 பாகை. ஏற்றத்தில் இழுவை குறையும், எஞ்சின் சூடேறும், பெற்றோல் கூடக் குடிக்கும். காபரேற்றரைத் திருகித் திருகிப் பார்த்தும் சரிவராத பல வண்டிகளில் குற்றம் முன்மூடிக்குள்ளே கிடந்திருக்கிறது.

'செயின் இழுபட்டுவிட்டது' என்று சொல்வது வழக்கம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள சிறிய ஊசியும் அதன் உறையும் தேய்கின்றன. ஒரு கண்ணியில் மயிரிழை தேய்ந்தாலும் எல்லாக் கண்ணிகளும் சேரும்போது நீளம் கூடிவிடும். அந்தத் தேய்வைத் தடுப்பது ஒயில் ஒன்றுதான். முன்பக்கக் கமஷாப்ட் பெயறிங்கிலிருந்து கசியும் ஒயில்தான் இந்த எஞ்சினின் செயினுக்குப் போகிறது.

இங்கேதான் எங்கள் கார்களின் கதை மற்ற ஊர்க் கார்களின் கதையிலிருந்து வேறுபடுகிறது. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் வடக்கில் பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருளானது. சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடினோம். நோயாளியைக் கொண்டுபோனதும் இடம்பெயர்ந்ததும் கலியாணம் செத்தவீடு போனதும் அப்படித்தான். அந்தப் புகையின் மணம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். மண்ணெண்ணெய் பெற்றோல்போல இலகுவில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவரில் வழிந்து, பிஸ்ரன் றிங்கைத் தாண்டி ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகும். மெல்லிய ஒயிலில் ஓடிய செயினும் பெயறிங்கும் கெதியாகத் தேயும்.

அந்தக் காலத்தைக் கடந்து வந்த எஞ்சின் உங்களிடம் இருந்தால், அதிலுள்ள செயினும் பற்சில்லும் பார்வைக்கு எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும் மாற்றம் செய்த எஞ்சினுக்குள் திரும்பப் போடாதீர்கள். செயினைக் கழுவி, பக்கவாட்டாகக் கிடையாகப் பிடித்துப் பாருங்கள். புதியது ஓரளவு நேராக நிற்கும். தேய்ந்தது வில்லாக வளைந்து தொங்கும். பற்சில்லின் பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கிபோல இருந்தால் அதுவும் முடிந்துவிட்டது. தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் செயினும் அதே வழியில் போகும். எனவே செயின் ஒன்று, பற்சில்லு இரண்டு, மூன்றையும் ஒரே செற்றாக வாங்குவதுதான் இலாபம்.

இனி எந்தச் செயின் என்ற கேள்வி. மைனரில் கொம்பனி போட்டு வந்தது ஒற்றை வரிச் செயின். பழைய வகையில் கமஷாப்ட் பற்சில்லின் இரு பக்கமும் இறப்பர் வளையங்கள் இருக்கும். செயினின் சத்தத்தை அடக்குவது அவற்றின் வேலை. அவை காலப்போக்கில் கல்லாகி, உடைந்து, சம்பில் கிடக்கும். ஸ்ராட் செய்தவுடன் முன்பக்கம் கலகலவென்று கேட்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். 1980இல் வந்த ஏ பிளஸ் எஞ்சினில் ஒற்றை வரிச் செயினோடு ஸ்பிறிங் வைத்த இறுக்கியும் சேர்த்தார்கள்.

இரட்டை வரிச் செயின் மினி கூப்பர் எஸ் எஞ்சினில் வந்தது. சுமை இரண்டு வரிசையில் பகிரப்படுவதால் தேய்வு மெதுவாக இருக்கும். எஞ்சினில் மாற்றம் எதுவும் செய்யாமல், பழைய ஸ்பிறிங்கோடு ஊருக்குள் ஓடும் காருக்கு நல்ல ஒற்றை வரிச் செயின் தாராளமாகப் போதும். இரட்டை வரிக்குக் காசு கொடுக்க வேண்டாம். இறுக்கமான ஸ்பிறிங்கோ வேறு கமஷாப்ட்டோ போட்டிருந்தால் நான் இரட்டை வரியைத்தான் சொல்வேன். ஒவ்வொரு வால்வையும் திறக்கும் சுமை முழுவதும் செயினில்தான் விழுகிறது. கமஷாப்ட் உயரமாகத் தூக்கி, ஹெட்டும் சீவியிருந்தால் வால்வுக்கும் அதற்கு எதிரே உள்ளதற்கும் இடையில் இடைவெளி குறைவு. அங்கே செயின் அறுந்தால் போவது செயின் மட்டுமல்ல.

இரட்டை வரி போடும்போது தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. முன் தகட்டைப் பிடிக்கும் கீழ் பொல்ட்டுகள் இரண்டின் தலை, அகலமான பற்சில்லில் முட்டும். அவற்றுக்குப் பதிலாகத் தகட்டுக்குள் தலை அமிழும் ஸ்குறூக்கள் போட வேண்டும். அதற்கேற்பத் தகட்டின் துளையையும் சரிவாகக் குடைய வேண்டும். இதைத் தெரியாமல் பொல்ட் தலையை அராவிக் குறைத்துப் பூட்டிய எஞ்சின்களைக் கண்டிருக்கிறேன். பிறகு இரண்டு பற்சில்லின் முகத்திலும் நேரான இரும்புச் சட்டத்தை வைத்துப் பாருங்கள். ஒன்று உள்ளே நின்றால் கிராங்க் பற்சில்லின் பின்னால் மெல்லிய வொஷர் வைத்து ஒரே நேருக்குக் கொண்டுவர வேண்டும். கோணலாக ஓடும் இரட்டை வரிச் செயினைவிட நேராக ஓடும் ஒற்றை வரி மேல்.

பெல்ற் செற்றும் இந்த எஞ்சினுக்கு உண்டு. பந்தயக்காரருக்கு அது பிடிக்கும். ஒயில் கசியும் பழைய எஞ்சினிலும், எங்கள் புழுதி வீதிகளிலும் அதை நான் போடமாட்டேன். ரொயோட்டா 2சி டீசல் ஏற்றியவர்களுக்கு இந்தத் தெரிவே இல்லை, அதில் வருவதே பெல்ற். மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களின் எஞ்சின் பி சீரிஸ். இங்கே சொன்ன செற் அவற்றுக்குப் பூட்டாது.

வாங்கும்போது கிளிப் வைத்து இணைக்கும் செயினைத் தவிருங்கள். மோட்டார் சைக்கிள் செயினை வெட்டிப் பூட்டித் தரலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையைவிட்டு வந்துவிடுங்கள். தொடர்ச்சியான, முனையில்லாத செயின்தான் வேண்டும். பெயரோ அளவோ பொறிக்காத பொதியில் வருவது மலிவு. ஆனால் அதே வேலையை இரண்டாம் முறை செய்யும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

பூட்டும்போது இரண்டு பற்சில்லிலும் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று பார்த்தபடி, இரு தண்டுகளின் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். சாதாரண எஞ்சினுக்கு அது போதும். கமஷாப்ட் மாற்றியிருந்தால் போதாது. டயல் கேஜ் வைத்து, முதல் சிலிண்டரின் உள்வாங்கும் வால்வு முழுமையாகத் திறக்கும் இடத்தைக் கிராங்க் பாகையில் அளக்க வேண்டும். மைனரின் மூலக் கமஷாப்ட்டில் அது பிஸ்ரன் உச்சியைத் தாண்டி 110 பாகை. வேறு கமஷாப்ட்டுக்கு அதைச் செய்தவர் தரும் எண்ணைப் பின்பற்றுங்கள். வித்தியாசம் இருந்தால் விலகல் சாவி அல்லது நகர்த்தக்கூடிய பற்சில்லு கொண்டு திருத்தலாம்.

மூடியைப் போடுமுன் ஒயில் எறியும் தட்டு சரியான பக்கம் பார்க்கிறதா என்று கவனியுங்கள். 'எஃப்' எழுத்துள்ள முகம் வெளியே தெரிய வேண்டும். கையால் எஞ்சினை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, புள்ளிகள் திரும்பவும் சந்திக்கின்றனவா, செயின் மூடியின் உட்புறத்தில் எங்காவது உராய்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகு புது ஒயில் ஊற்றி ஸ்ராட் செய்யலாம்.