அனாமத்து

அரபியின் ‘அமானத்’, நம்பி ஒப்படைத்த பொருள். உருது வழியாகத் தமிழுக்கு வந்து ‘அனாமத்து’ ஆனது. கணக்குப்பிள்ளைக்கு இது, எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியாத தொகையை நிறுத்திவைக்கும் கணக்கு. பேச்சில், கேட்பாரற்றது.

கம்பெனிக் கணக்கிலும் தலைப்புக் கேள்வி வரும். பங்குதாரர் கம்பெனிக்குத் தரும் பணம் முதலா, கடனா என்று வருமான வரித் துறை கேட்கும். கடனுக்குத் தரும் வட்டியைச் செலவாகக் கழிக்கலாம். முதலுக்குத் தரும் டிவிடெண்டை அப்படிக் கழிக்க முடியாது.

எதுவென்று தெளிவாக எழுதாவிட்டால் என்ன ஆகும்? ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ராமலிங்க ராஜு, 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்தில், தான் ஏற்பாடு செய்த 1,230 கோடி ரூபாய் கணக்கில் காட்டப்படாத பொறுப்பு என்றார். அது தாங்கள் தந்த தற்காலிக முன்பணம் என்று 37 கம்பெனிகள் உரிமை கோரின. புதிய நிர்வாகம் அதைக் கடனாக ஏற்கவில்லை, முதலாகவும் எழுதவில்லை. விசாரணை முடியும்வரை அனாமத்தில் வைத்தது.

சொந்தக் கம்பெனிக்குப் பணம் போடுகிறவர்கள் அன்றே தீர்மானமும் ஒப்பந்தமும் எழுதி, வங்கி வழியாகவே கொடுங்கள். எழுதாத பணம் அனாமத்து.