ரோபோவை நம்ம பாட்டிக்குப் பிடிக்குமா?

மரக்காணம் உப்பளத்துல வேலை முடிச்சுட்டு ஒரு பாட்டி பேங்குக்குப் போறாங்கன்னு வெச்சுக்கங்க. பதில் சொல்ல ரோபோ நிக்குது. பேசுவாங்களா, நைஸா நகர்ந்துடுவாங்களா?

பாட்டி கற்பனைதான். ஆனா, பேங்க் ரோபோ நிஜம். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி, 2016 நவம்பரில் சென்னையில் 'லட்சுமி' ரோபோவை அறிமுகப்படுத்தியது. 125-க்கும் மேற்பட்ட விஷயங்களுக்குப் பதில் சொல்லும் என்றார்கள். எனக்குப் பிடிச்சது வேற. கணக்கு விவரத்தை அது சத்தமா சொல்லாது. திரையில மட்டும் காட்டும். நம்ம பேலன்ஸ் பின்னாடி நிக்கிறவர் காதுல விழுந்தா எப்படி இருக்கும்? அந்தக் கூச்சத்தை மதிக்கிற மெஷின்மேல நம்பிக்கை வரும். ஆனா, அறிமுகமானப்போ லட்சுமி பேசினது இங்கிலீஷ். பாட்டி அங்கேயே அவுட்!

அச்சு அசலா மனுஷன் மாதிரி இருந்தா பிடிச்சுடுமா? அதுவும் இல்லை. மனித சாயல் கூடக்கூட ரோபோ நமக்குப் பிடிக்கும். கிட்டத்தட்ட மனுஷனாவே ஆகி, ஏதோ ஒண்ணு மட்டும் ஒட்டாம நின்னா சட்டுனு திகில் வரும் என்று 1970-லேயே எழுதினார் ஜப்பான் பேராசிரியர் மசாஹிரோ மோரி. உதடு சிரிச்சு, கண்ணு சிரிக்காத பொம்மையைப் பார்த்திருக்கீங்கல்ல, அதேதான்.

இந்தச் சிக்கலை அழகா தாண்டினவர் தகனோரி ஷிபாட்டா. டிமென்ஷியா முதியவர்களுக்குத் துணையாக இருக்கும் 'பாரோ'வை உருவாக்கிய ஜப்பானியர். நாய், பூனை வடிவம்னா நிஜத்தோட ஒப்பிட்டு ஏமாந்துடுவாங்க. அதனால, பெரும்பாலானவங்க நேர்ல பழகியே இருக்காத சீல் குட்டி உருவத்தைத் தேர்ந்தெடுத்தார். ஒப்பிட ஆளே இல்லாததால மடியில வெச்சுத் தடவிக் கொடுக்கிறாங்க.

நமக்கு ஒப்பிட 'எந்திரன்' சிட்டி இருக்கே! 2010-ல இருந்து, எந்த ரோபோவைப் பார்த்தாலும் 'இவ்ளோதானா?'ன்னுதான் தோணுது.

வேற வழி இருக்கா இல்லையாங்கிறதும் முக்கியம். 2020 கொரோனா காலத்துல திருச்சி அரசு மருத்துவமனைக்கு உள்ளூர் நிறுவனம் ஒன்று ரோபோக்களைக் கொடுத்தது. சொந்தக்காரங்களே கிட்ட வர முடியாத வார்டுல, சாப்பாடும் மருந்தும் கொண்டு வர்றது எந்த உருவத்துல இருந்தா என்ன?

மறுபடி நம்ம பாட்டி. லட்சுமி தமிழ் கத்துக்கிட்டு, பேலன்ஸைத் திரையில காட்டுதுன்னே வைங்க. வருஷக்கணக்கா உப்பு வெளிச்சத்துல கூசின கண்ணு. எழுத்து தெரியணும், படிக்கவும் வரணும். இல்லைன்னா பக்கத்துல நிக்கிற யாரையாவது, "தம்பி, இதுல எவ்ளோ போட்டிருக்கு?"ன்னு கேட்கத்தான் போறாங்க.