வன்னி வெள்ளமும் காப்புறுதிச் சட்டமும்

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்த சூறாவளியைத் தமிழர் மறந்தாரில்லை. அப்புயல் வவுனியாவின் மேலாகவே அங்குச் சென்றது என்பதை நினைப்போர் சிலரே. கமக்காரர் காலபோக நெல்லை நம்பி நிற்கும் பருவம் அது. வன்னியில் வடகீழ்ப் பருவமழையே விளைவிக்கிறது. அளவு மீறினால் அதுவே அழிக்கிறது. ஆதலின் இங்கே வெள்ளம் என்பது எப்போதோ நேரும் விபத்தன்று. வேளாண்மைச் செலவுகளுள் ஒன்று. அச்செலவை யார் ஏற்பது என்பதே நம் வினா.

அரசு இதனை எண்ணவேயில்லை எனல் நியாயமன்று. 1958இல் நெற்பயிருக்கு முன்னோடிக் காப்புறுதித் திட்டம் தொடங்கிற்று. 1961இல் பயிர்க் காப்புறுதிச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் காப்புறுதிக் கூட்டுத்தாபனச் சட்டமும் நிறைவேறி, அத்தொழில் படிப்படியாகத் தனியார் கையினின்று அரசின் கைக்கு மாறிற்று. சிறியதொரு நாட்டுக்கு இது சிறிய செயலன்று. 1973ஆம் ஆண்டுச் சட்டம் பிற பயிர்களுக்கும் கால்நடைக்கும் வழி வகுத்தது. 2016இல் வீடுகளையும் சிறு தொழில்களையும் தழுவிய தேசிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம் தொடங்கப்பட்டது. 2018இல் நெல் உட்பட ஆறு பயிர்களுக்கு, கமக்காரரிடம் கட்டணம் பெறாமலே, ஏக்கருக்கு 40,000 ரூபா வரை காப்புறுதி ஏற்பட்டது.

சட்டங்கள் பெருகின. ஆயினும் ஒவ்வொன்றும் உடைமையிலிருந்தே தொடங்குகிறது: யாருடைய வயல், யாருடைய வீடு, யாருடைய மாடு? 2009இல் உடுத்த துணியுடன் வெளியேறிய வன்னி மக்களுள் எத்தனை பேரிடம் காணிப் பத்திரம் எஞ்சியிருந்தது? 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. வன்னிப் பட்டிகளும் தப்பவில்லை. காட்டோரம் மேயும் மாடுகளை ஒவ்வொன்றாகப் பதிந்து கட்டணம் செலுத்துவது, அலுவலக மேசையிலிருந்து பார்ப்பவருக்கே எளிது.

உடைமையே இல்லாதவர் நிலை யாது? 2018 டிசம்பர் 21ஆம் நாள் இரவு பெருமழை கொட்டிற்று. அம்மாதத் தொடக்கத்திலேதான் புனரமைத்துத் திறந்துவைத்த இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறக்க நேர்ந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் தங்கினர். வயலுக்குரியவருக்கு விண்ணப்பிக்க ஒரு வழியேனும் இருந்தது. அவ்வயலில் அரிவு வெட்டச் செல்லவிருந்த கூலியாளருக்கு நெல்லும் சொந்தமன்று, நிலமும் சொந்தமன்று. அவர் இழந்தது தை, மாசி மாதக் கூலியை. அறுபது ஆண்டுக் காப்புறுதி வரலாற்றில் அந்த இழப்புக்குப் பெயரில்லை. நிறைந்த குளம் அடுத்த சிறுபோகத்துக்கு நீர் தந்தது. கடைக்காரரின் கொப்பியிலோ, அரிவுக் கூலியை நம்பி வாங்கிய அரிசியும் மாவும் அதுவரை அவர் பெயரிலேயே நின்றன.