நைல் நதிச் சந்தை – 6: வழக்குப் போடுவது யார்?

எகிப்தில் போட்டிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதைக் கையில் எடுக்கும் உரிமை யாருக்கு? சென்ற வாரம் இந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம்.

விடை அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. 2005-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் சட்டம், அதன் 21-ஆம் பிரிவு. அமைச்சரோ, அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்து மூலம் கேட்டால் ஒழிய, ஏகபோகக் குற்றத்துக்காக எந்த நிறுவனத்தின் மீதும் குற்ற வழக்கு தொடங்க முடியாது என்று அன்று அது சொன்னது. விசாரித்துக் குற்றத்தைக் கண்டறிவது போட்டி ஆணையம். நீதிமன்றக் கதவைத் திறக்க வேண்டியவர் அமைச்சராக இருந்தார். அவர் மனம் வைத்தால், அபராதம் வாங்கிக்கொண்டு வெளியிலேயே சமரசம் பேசி முடிக்கவும் சட்டம் இடம் கொடுத்தது.

இந்தத் தொடரின் முதல் வாரங்களில் கெய்ரோ கடைத்தெருவில் எடைக்கல்லைச் சோதித்த முஹ்தசிப் என்ற சந்தை அதிகாரியைப் பார்த்தோம். 1399-இல் அந்தப் பதவியில் அமர்ந்த வரலாற்றாசிரியர் அல்-மக்ரீஸியையும் பார்த்தோம். சுல்தான் நியமித்த ஆள்தான். ஆனாலும் கள்ள எடைக்காரனைப் பிடித்தால் அங்கேயே தண்டிக்க அவருக்கு அதிகாரம் இருந்தது. அறுநூறு ஆண்டுகள் கழித்து வந்த ஆணையத்துக்கு அது இல்லை.

ஆணையத்தின் குழுவில் அப்போது 15 பேர். முதல் தலைவர் மோனா யாசீன். சந்தையில் 25 சதவீதத்துக்கு மேல் பங்கு, விலையையும் சரக்கு வரத்தையும் தன் போக்கில் மாற்றும் வலு, அதைத் தடுக்க முடியாத போட்டியாளர்கள் – இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு நிறுவனம் 'ஆதிக்க நிலை'யில் இருப்பதாகப் பொருள். ஆதிக்க நிலை குற்றமல்ல. அதைத் தவறாகப் பயன்படுத்துவதே குற்றம். அன்று தண்டனை அபராதம் மட்டும்தான்: குறைந்தது 30,000 பவுண்டு, அதிகபட்சம் 1 கோடி பவுண்டு. சிறை கிடையாது.

அடுத்த ஆண்டே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வந்தது: 2006, எண் 67. பழுதான பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும், ரசீது கேட்கும் உரிமையும் எகிப்தியருக்குக் கிடைத்தன. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் நாம் கடைக்குப் போவதற்கு முன்பே ஆலை முதலாளிகள் கூடிப் பேசி விலையை முடிவு செய்துவிட்டால், கையில் இருக்கும் ரசீது என்ன செய்யும்? கொள்ளைபோன பணத்துக்கு அது வெறும் சாட்சிச் சீட்டு. போட்டிச் சட்டம் படுத்துவிட்டால் நுகர்வோர் சட்டம் பாதி உயிரோடுதான் நடமாடும்.

*

முதல் பெரிய சோதனை சிமென்டில் வந்தது.

கெய்ரோவின் புறநகர் மொட்டை மாடிகளில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். அவை மகனுக்காக எழுப்பப்போகும் அடுத்த தளத்துக்கானவை. வீடு இல்லாமல் அங்கே திருமணப் பேச்சு எளிதில் முடியாது. ஆகவே சிமென்டும் கம்பியும் விலை ஏறினால், ஏழைக் குடும்பங்களில் கல்யாணங்கள் தள்ளிப்போகும்.

அரசு ஆலைகளாக இருந்த சிமென்ட் தொழில் அதற்குள் கைமாறியிருந்தது. 1999-இல் அசியூத் ஆலை மெக்ஸிகோவின் செமெக்ஸிடம் போனது. 2005-இல் சூயஸ் சிமென்ட் இத்தாலியின் இத்தால்செமென்டியின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. முதலாளிகள் பலர். ஆனால் விலை மட்டும் ஒரே தாளத்தில் ஏறியது.

2006-இல் வணிக, தொழில் அமைச்சர் ரஷீத் முகமது ரஷீத், சிமென்டை ஆராயுமாறு ஆணையத்தைக் கேட்டார். யூனிலிவரில் உயர் பொறுப்பு வகித்துவிட்டு 2004-இல் அமைச்சரவைக்கு வந்தவர் அவர். 2007 அக்டோபரில் அமைச்சரே வழக்கை அரசு வழக்குரைஞரிடம் அனுப்பினார். பேசிவைத்து விலை நிர்ணயித்தார்கள், விற்பனையைத் தங்களுக்குள் கட்டுப்படுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு.

21-ஆம் பிரிவின் கதவு முதல்முறையாகப் பெரிய முதலாளிகளை நோக்கித் திறந்தது. மக்கள் அடுத்துக் கேட்டது, "சிமென்ட் சரி, கம்பி?"

*

கம்பி என்றால் அன்றைய எகிப்தில் ஒரே பெயர்: அகமது எஸ். சிவில் பொறியியல் படித்தவர். 1999-இல் அலெக்சாந்திரியா அருகே உள்ள தெகேலா உருக்காலையின் பங்குகளை வாங்கி, 2000-இல் அதன் தலைவரானார். நாட்டின் கம்பிச் சந்தையில் பாதிக்கும் மேல் அவருடைய குழுமத்தின் கையில். அதோடு ஆளுங்கட்சியான தேசிய ஜனநாயகக் கட்சியில் முன்னணித் தலைவர். அதிபரின் மகன் கமால் முபாரக்குக்கு நெருக்கமானவர். நாடாளுமன்றத்தில் திட்ட, பட்ஜெட் குழுவின் தலைவர். ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் எந்த அவையில் திருத்தப்பட வேண்டுமோ, அந்த அவையில்தான் அவரும் உட்கார்ந்திருந்தார்.

2008 ஜூனில் திருத்த மசோதா அங்கே வந்தது. அதில் ஒரு விதியை மட்டும் கவனியுங்கள். விலைக்கூட்டணி ரகசியமாக நடப்பது. கையெழுத்துப் போட்ட காகிதம் கிடைக்காது. உள்ளே இருப்பவர்களில் ஒருவர் வாயைத் திறந்தால்தான் உடையும். அதனால்தான் பல நாடுகளில், முதலில் வந்து உண்மையைச் சொல்பவருக்குத் தண்டனையே கிடையாது. அரசின் வரைவும் அப்படியே இருந்தது. அவையில் அது மாறியது. காட்டிக்கொடுப்பவருக்கு நீதிமன்றம் விரும்பினால் அபராதத்தில் பாதி வரை குறைக்கலாம், அவ்வளவுதான் என்று முடிந்தது. மாற்றத்துக்குப் பின்னால் இருந்தவர் எஸ் என்று கெய்ரோ பத்திரிகைகள் எழுதின.

அபராத உச்சவரம்பு 30 கோடி பவுண்டாக உயர்ந்தது உண்மை. ஆனால் பாதி அபராதத்தையாவது கட்டத் துணிந்து, கூட்டாளிகளையும் பகைத்துக்கொண்டு யார் சாட்சி சொல்ல வருவார்? பூட்டைப் பெரிதாக்கிவிட்டுச் சாவியை உடைத்த வேலை இது. சட்டத்தால் கட்டுப்பட வேண்டியவர் சட்டத்தை எழுதும் மேசையில் உட்கார்ந்தால், இழப்பு முழுவதும் வீடு கட்டுகிறவர் தலையில்தான் விழும்.

*

இரண்டே மாதங்களில் சிமென்ட் தீர்ப்பு வந்தது. 2008 ஆகஸ்ட் 25, கெய்ரோவின் நஸ்ர் சிட்டி நீதிமன்றம். நிர்வாகிகள் 20 பேர் குற்றவாளிகள். ஒவ்வொருவருக்கும் 1 கோடி பவுண்டு. மொத்தம் 20 கோடி. குற்றம் நடந்தபோது இருந்த பழைய சட்டத்தின் உச்சத் தண்டனையை நீதிபதி கொடுத்திருந்தார். பல்லில்லாத சட்டம் என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

இப்போது எல்லார் பார்வையும் இன்னொரு கோப்பின் மேல் திரும்பியது. கம்பிச் சந்தை பற்றி ஆணையம் தனியாக நடத்திக்கொண்டிருந்த விசாரணை அது. 2009 ஜனவரியில் முடிவு வெளியானது. எஸ் குழுமம் ஆதிக்க நிலையில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. "ஆம்" என்றது ஆணையம்.

அந்த ஆதிக்கத்தை அது தவறாகப் பயன்படுத்தியதா என்பது இரண்டாம் கேள்வி. அதற்கு மோனா யாசீனின் ஆணையம் சொன்ன பதில் என்ன? அந்தப் பதிலை நாடு நம்பியதா?

(தொடரும்)