மார்க்கோனியின் நான்கு ஏழுகள்



புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் பெருவழியில் உள்ள கிருமாம்பாக்கத்தில் ஒருவர் வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகுகிறார். பல நிலையங்களின் அலைகள் ஒருங்கே வந்து மோதினும், அவர் வேண்டிய ஒன்றே ஒலிக்கின்றது. இன்று எளிதாய்த் தோன்றும் இச்செயலின் பொருட்டு இரு நாடுகளில் பெரும் வழக்குகள் நடந்தன.

தொடக்கக் காலக் கம்பியில்லாத் தந்தியில் ஒருவர் செய்தியோடு மற்றொருவர் செய்தி கலந்து குழம்பும். அனுப்பும் கருவியில் இரண்டும் பெறும் கருவியில் இரண்டுமாக நான்கு மின்சுற்றுக்களையும் ஒரே அதிர்வெண்ணுக்கு இசைவித்தால் குழப்பம் நீங்கும் என்று கூறி, மார்க்கோனி 1900-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பேடெண்ட் உரிமை கோரினார். அதன் எண் 7777.

பேடெண்ட் பெறுவதற்குப் பொருள் புதிதாயிருந்தால் மட்டும் போதாது. அத்தொழிலில் தேர்ந்த எவரும் தாமே எளிதில் எட்டக்கூடியதாகவும் அஃது இருத்தலாகாது. இங்கேதான் சிக்கல் எழுந்தது. ஆலிவர் லாட்ஜ் என்பார் அலைவாங்கிச் சுற்றை இசைவிக்கும் முறையை முன்னரே காட்டியிருந்தார். ஆயினும் 1911-இல் இங்கிலாந்தின் நீதிபதி பார்க்கர், மார்க்கோனியின் உரிமை செல்லும் என்றே தீர்ப்பளித்தார்.

அமெரிக்காவில் நடந்தது வேறு. தன் பேடெண்ட் உரிமைகளை அரசு மீறியதாகக் கூறி, மார்க்கோனி கம்பெனி 1916-இல் இழப்பீட்டு வழக்குத் தொடுத்தது. உச்ச நீதிமன்றத்தின் முடிவு 1943-இல்தான் வந்தது. மார்க்கோனி இறந்து ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழிந்திருந்தன! அமெரிக்கரான ஜான் ஸ்டோன் ஸ்டோன் (பெயரில் பிழையில்லை) மார்க்கோனிக்குச் சில மாதங்கள் முன்னரே விண்ணப்பித்திருந்தார். 1899-இல் நண்பருக்கு எழுதிய கடிதங்களிலும் தம் கருத்தை விளக்கியிருந்தார். எனவே, நான்கு சுற்றுக்களின் இசைவு பற்றிய மார்க்கோனியின் முக்கிய உரிமைக்கோரிக்கைகள் செல்லா எனப் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். வானொலியைக் கண்டவர் டெஸ்லாவே என்று அத்தீர்ப்பு உரைத்ததாகப் பலர் எழுதுகின்றனர். அது தவறு, மார்க்கோனியின் முதல் பேடெண்டை அத்தீர்ப்பு தொடவேயில்லை.

நீதிபதி பிராங்க்பர்ட்டர் இதற்கு உடன்படவில்லை. ஒருவர் வழிகாட்டிய பின்னர் திரும்பிப் பார்த்து, இது யாருக்கும் தோன்றியிருக்கும் என்பது பிற்பார்வையின் மயக்கம் என்பது அவர் வாதம். அதில் வலிமையுண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஸ்டோனின் கடிதங்களை எண்ணும்போது, மார்க்கோனிக்காக வாதிடுவதும் எளிதாயில்லை.

நம் நாட்டிலும் இக்கேள்வி வந்தது. பாத்திரத் தொழிலுக்கான ஒரு கடைசல் பொறியின் திருத்தம் குறித்த வழக்கில், 1978-இல் நம் உச்ச நீதிமன்றம், விண்ணப்ப நாளன்று இருந்த அறிவை மட்டும் கொண்ட தேர்ந்த தொழிலாளியின் கண்ணால் நோக்கவேண்டும் என்றது. அத்திருத்தத்தில் புத்தாக்கம் இல்லையென உரிமையையும் நீக்கியது. கிருமாம்பாக்கத்து மாணவர் ஒருவர் நாளை அலைகளை அளக்கும் கருவியொன்றைச் செய்து சென்னைப் பேடெண்ட் அலுவலகத்திற்கு விண்ணப்பித்தால், அவரையும் இதே கேள்விதான் எதிர்கொள்ளும்.