இந்தக் காலத்துப் பசங்களும் நெய்வேலியின் முதல் பசங்களும்

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் மேலாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வகுப்பு. இளம் தலைமுறை ஊழியர்களை ஊக்கப்படுத்துவது எப்படி என்பதுதான் தலைப்பு. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பக்கத்தில் இருந்த நண்பர் சொன்னார்: "நம்ம அப்பா காலத்துல ஒரே கம்பெனியில முப்பத்தஞ்சு வருஷம் இருந்தாங்க. இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்ல சார்." நானும் தலையாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. நான் வளர்ந்தது நெய்வேலியில். ஊர் முழுக்க அப்படி முப்பத்தைந்து வருஷம் இருந்தவர்கள்தான். அவர்கள் பிறவியிலேயே பொறுமைசாலிகளா என்ன? அந்தக் கேள்வியோடு பழைய குறிப்புகளைப் புரட்டியதில் கிடைத்தவை இவை.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு பழுப்பாக ஏதோ வந்தது. அதில் தொடங்கிய கதை 1956 நவம்பரில் ஒரு மத்திய அரசு நிறுவனமாக உருவெடுத்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் முதல் முறையாக நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-இல் சோவியத் உதவியோடு அமைந்த அனல்மின் நிலையம் மின்சாரம் தர ஆரம்பித்தது.

தேதிகளாகப் படிக்கும்போது எல்லாம் சுலபமாகத் தெரிகிறது. களத்தில் அப்படி இல்லை. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஏறக்குறைய ஐந்தரை கன மீட்டர் மண்ணை அள்ளிப் போட வேண்டும். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரூற்று வேறு. பம்புகள் இரவு பகலாக ஓடவில்லை என்றால் சுரங்கமே மூழ்கிவிடும். ஜெர்மனியிலிருந்து பெரிய பெரிய பக்கெட் வீல் இயந்திரங்கள் வந்தன. அங்கே மென்மையான மண்ணை வெட்டிப் பழகியவை, இங்கே கடலூர் மணற்பாறையில் மோதியதும் பல் தேய்ந்து நின்றன. கொண்டு வந்த கையேட்டில் இதற்கு மருந்து இல்லை. முதலில் வெடி வைத்துப் பாறையைத் தளர்த்துவது, வாளியையும் பல்லையும் இந்த மண்ணுக்கு ஏற்றபடி மாற்றுவது என்று இங்கேயே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த வேலைகளைச் செய்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த பையன்கள். விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பலருக்குக் குடும்பத்தில் அவர்கள்தான் முதல் மாதச் சம்பளக்காரர்கள். என் பெரியப்பாவும் அதில் ஒருத்தர். அவரிடம் ஒரு தடவை கேட்டேன், "உங்களுக்கு அப்போ யார் பெரியப்பா ஊக்கம் கொடுத்தா?" என்று. சிரித்துவிட்டார். "ஊக்கமா? கத்துக்கிட்டா பர்மனென்ட். பர்மனென்ட் ஆனா குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் வந்தா கல்யாணம். வேற என்னடா வேணும்?"

எனக்கு அந்த நாலு வாக்கியம் போதும். அது ஓர் ஏணி. ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரிந்தது. வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய வீடுகள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஷிப்டுக்கு பஸ். இன்று கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டால் ஐந்து வருஷத்தில் எங்கே இருப்போம் என்பதைப் பக்கத்து வீட்டு அண்ணனைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அண்ணனும் தொழிலை ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தார். தம்பியால் தன் வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு இல்லை.

மேலாண்மைப் படிப்பு படித்தவர்கள் இங்கே ஹெர்ஸ்பெர்கை இழுப்பார்கள். 1959-இல் வந்த அவருடைய புத்தகம், சம்பளமும் வேலைப் பாதுகாப்பும் மனக்குறையைத் தடுக்குமே தவிர ஊக்கம் தராது. ஊக்கம் தருவது சாதனையும் அங்கீகாரமும் பொறுப்பும்தான் என்கிறது. சரிதான். ஆனால் அவர் பேட்டி எடுத்தது அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பகுதியின் பொறியாளர்களையும் கணக்கர்களையும். காலுக்குக் கீழே தரை இருந்தவர்கள் அவர்கள். தரையே இல்லாதவனுக்கு முதலில் தரை, அப்புறம்தான் சாதனை. நெய்வேலியில் அந்தப் பசங்களுக்கு இரண்டும் சேர்ந்தே கிடைத்தது.

பொற்காலம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நிலம் கொடுத்த எல்லாக் குடும்பத்துக்கும் அந்த ஏணி எட்டவில்லை. மேலே ஏறியவர்கள் சிலர் கீழே பார்ப்பதை நிறுத்திக்கொண்டதும் நடந்தது. வேலை நிரந்தரம் என்பதாலேயே அசந்து உட்கார்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்த தலைமுறைக்கு என்ன ஆயிற்று? நெய்வேலியில் நிலக்கரி தெரிந்த அதே 1961-இல்தான் நாட்டில் தொழிற்பயிலுநர் சட்டம் வந்தது. பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்று அது அன்றே சொல்லிவிட்டது. விரிவாக்கம் நடந்த காலத்தில் இது யாரையும் உறுத்தவில்லை. விரிவாக்கம் குறைந்ததும் உறுத்தியது. இன்னொரு பக்கம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். ஒப்பந்த முறையைத் தடை செய்தாலும் அதனாலேயே யாரும் தானாக நிரந்தரம் ஆகிவிட மாட்டார்கள் என்று 2001-இல் செயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊரில் இன்கோசர்வ் என்று சொல்லும் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து, மூப்பு வரிசையில் பேர் மேலே வரக் காத்திருப்பதே பலருக்கு வாழ்க்கையாகிப் போனது. 2010-லும் 2012-லும் வாரக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தங்களுக்குப் பின்னால் இருந்ததும் அந்தக் காத்திருப்புதான்.

ஒரே ஷிப்ட், ஒரே தூசி. ஆனால் ஒருத்தர் பர்மனென்ட், ஒருத்தர் கான்ட்ராக்ட். 2020-இல் மே 7, ஜூலை 1 என இரண்டு நாட்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்தன. இறந்தவர்களில் நிரந்தரத் தொழிலாளர்களும் உண்டு, ஒப்பந்தத் தொழிலாளர்களும் உண்டு. யார் கையில் எந்த அட்டை என்று நெருப்பு பார்ப்பதில்லை.

அதே வருஷம் செப்டம்பர் கடைசியில் முதல் அனல்மின் நிலையத்தை மூடினார்கள். 1962-இல் ஓட ஆரம்பித்தது, 58 வருஷம் ஓடியிருக்கிறது. அந்தப் பழைய இயந்திரம் அவ்வளவு காலம் நின்றதற்கு, அதன் சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடித்தவர்களும் ஒரு காரணம். அந்தக் காது வகுப்பில் வராது. இருபது வருஷம் ஒருத்தர் பக்கத்தில் இன்னொருத்தர் நின்றால்தான் வரும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் நிற்பவரிடம் அந்தக் காதை எப்படி எதிர்பார்ப்பது?

அடுத்த வாரம் எங்கள் குழுவில் புதிதாக மூன்று பேர் சேர்கிறார்கள். அவர்களை ஊக்கப்படுத்த என்ன திட்டம் என்று மேலிடத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது. நான் அதில் மூன்று கேள்விகளைத் திருப்பி எழுதி அனுப்பியிருக்கிறேன்: இரண்டு வருஷம் நன்றாகக் கற்றுக்கொண்டால் இவர்கள் எந்தப் பதவியில் இருப்பார்கள்? அதை யார் எழுத்தில் தருவார்கள்? தொழில் சொல்லிக் கொடுக்கும் மூத்தவருக்கு வேலை பறிபோகாது என்று யார் சொல்வார்கள்?

பதில் இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். அதுவரை, "இந்தக் காலத்துப் பசங்க" என்று ஆரம்பிக்கும் பேச்சுக்கு நான் தலையாட்டப் போவதில்லை.